பேர்ன், சுவிஸ், மே – ஜூன்

மே 21

ஆஸ்பத்திரியில் அக்காவைப் பார்க்கப் போக இரண்டு மணிக்குத்தான் விடுகிறார்கள். காலை முழுக்க மழை. அத்தான் கொஞ்சம் தூங்கட்டும் என்று நான் வெளிக்கிட்டுவிட்டேன். இந்தப் பழைய நகரத்தில் குடை தேவையில்லை. வீடுகளின் கீழ்த்தளத்தில் வளைவு வளைவாக நடைபாதை விட்டிருக்கிறார்கள். லௌபன் என்பார்கள். எல்லாம் சேர்த்தால் 6 கிலோமீட்டர். நிலம் வீட்டுக்காரருடையது, நடக்கிற உரிமை ஊருக்கு. மணிக்கூட்டுக் கோபுரத்திலிருந்து ஆறு வளைகிற பக்கமாக மெல்ல நடந்தேன். தெருவோரம் சரிவாகச் சாய்ந்த மரக்கதவுகள், திறந்தால் படி இறங்கி நிலவறை. இப்போது அதற்குள் கடைகள்.

மே 22

ரிசல்ட் வரவில்லை.

மே 24

தூணைத் தடவினால் விரலில் மணல் ஒட்டுகிறது. மூன்று நான்கு இடத்தில் தடவிப் பார்த்தேன், எல்லாம் அப்படித்தான். 1405இல் பெரிய தீ. மரவீடுகள் எரிந்துபோக, பிறகு மெல்ல மெல்ல இந்தக் கல்லுக்கு மாறியிருக்கிறார்கள். பச்சை கலந்த சாம்பல் நிறம். பக்கத்து ஓஸ்டர்முண்டிகனில் வெட்டி எடுத்த மணற்கல். செதுக்கச் சுகம், மழைக்கும் குளிருக்கும் தாங்காது.

அதனால் மூன்ஸ்டர் தேவாலயத்தில் வேலை முடிவதே இல்லை. 1421இல் தொடங்கினார்கள். கோபுரம் 100 மீட்டரைத் தொட்டு முடிந்தது 1893இல். இன்றைக்கும் அதற்கென்றே கல்வேலைப் பட்டறை இருக்கிறது. முன்பெல்லாம் உக்கிய கல்லைப் பெயர்த்துவிட்டுப் புதுக்கல் வைப்பார்களாம். இப்போது பழையதை முடிந்தவரை விட்டுவைத்து, உதிர்ந்த இடத்தை மட்டும் சாந்தால் நிரப்புகிறார்கள். இன்று ஒரு பெண் முழங்காலில் இருந்து அந்த வேலை செய்ததைப் பார்த்தேன். தூரிகையால் தூசி தட்டினாள், தண்ணீர் தெளித்தாள், சின்னக் கரண்டியால் கொஞ்சம் சாந்து வைத்தாள், பிறகு தலையைச் சாய்த்து நெடுநேரம் பார்த்தாள். அவசரமே இல்லை. அந்தக் கைகளை நம்பலாம் என்று இருந்தது.

அக்காவுக்கு எவ்வளவு வெட்டி எடுக்க வேண்டிவரும் என்று டொக்டர் இன்னும் சொல்லவில்லை.

மே 25

அம்மா யாழ்ப்பாணத்திலிருந்து மூன்று தரம் போன் எடுத்துவிட்டார். ஒவ்வொரு தரமும் “சாப்பிட்டாளா?” மட்டும்தான் கேட்கிறார். வேறு கேட்கப் பயம்.

மே 27

அருங்காட்சியகத்துக்குப் போனேன், போயிருக்கக் கூடாது. மூன்ஸ்டருக்குப் பக்கத்தில் உயரமான மதில் கட்டிய ஒரு திடல் இருக்கிறது. செஸ்நட் மரங்கள், வாங்குகள், ஓடி விளையாடும் பிள்ளைகள். கீழே ஆரே ஆறு. 1654இல் ஒரு மாணவன் குதிரையோடு அங்கிருந்து விழுந்து உயிர் பிழைத்தான் என்று கல்லில் எழுதியும் வைத்திருக்கிறார்கள். பெறாமகளுக்கு, அக்காவின் மகளுக்கு, அந்தக் கதை பிடிக்கும்.

ஆனால் அந்த மண்ணுக்குள் கிடந்தவை வேறு. 1528இல் சமயச் சீர்திருத்தம் வந்தபோது தேவாலயத்துச் சிலைகளை உடைத்து அங்கே நிரப்பினார்கள். 1986இல் தோண்டியபோதுதான் வெளியே வந்தன. தலைகள், கைகள், மடிப்பு மடிப்பாகச் சேலைபோல் செதுக்கிய துணிகள். முகங்கள் அவ்வளவு அழகு! யார் கும்பிட்ட தெய்வமென்றாலும் உடைந்து கிடந்தால் மனம் பதறுகிறது. நேற்றுவரை முன்னால் நின்று அழுதவர்கள் எப்படிக் கை ஓங்கினார்கள்? தேவாலய வாசலில் உள்ள கடைசித் தீர்ப்புச் சிற்பங்களை மட்டும் ஏன் விட்டார்கள்? 200க்கும் மேற்பட்ட உருவங்கள். அவற்றில் பெரியவை இப்போது பிரதிகள், மூலங்கள் இந்த அருங்காட்சியகத்தில்தான். ஒரே கட்டடத்துக்குள் காப்பாற்றியதும் உடைத்ததும்.

இரவு நித்திரை இல்லை.

மே 28

இன்னும் அந்த முகங்கள்.

ஜூன் 1

நல்ல வெயில். அக்கா இன்று எழுந்து உட்கார்ந்தார்! சிரித்தார்! “ரோசாத் தோட்டத்துக்குப் போய்வா. படம் வேண்டாம், வாசம் எப்படி என்று வந்து சொல்” என்றார்.

கரடிப் பூங்காவைத் தாண்டி ஏற்றத்தில் ஏறினேன், மூச்சு வாங்கியது. 200க்கும் மேற்பட்ட ரோசா வகைகள். மஞ்சள் ஒன்று, நடுவில் இளஞ்சிவப்பு, வெளியிதழ் காய்ந்து சுருண்டு உள்ளே ஈரம். எலுமிச்சை வாசம். அங்கிருந்து பார்த்தால் முழு நகரமும் ஆற்று வளைவுக்குள் கிடக்கிறது, செம்மண்ணிற ஓடுகள், நடுவில் கோபுரம். இவ்வளவு அழகான ஊரில் எங்களுக்கு ஏன் இப்படி என்று ஒரு கோபமும் வந்தது.

1765 முதல் 1877 வரை அந்தத் தோட்டம் மயானம். 1913இல்தான் பூங்காவானது. அக்காவிடம் எலுமிச்சை வாசத்தை மட்டும் சொன்னேன்.

ஜூன் 3

ஒப்பரேஷனுக்குத் திகதி குறித்துவிட்டார்கள். நேரே ஐரோப்பாபிளாட்ஸுக்கு ட்ராம் எடுத்தேன். மேலே நெடுஞ்சாலைப் பாலம், கீழே 2014இல் திறந்த சமயங்களின் இல்லம். உள்ளே எங்கள் கோயில், பள்ளிவாசல், புத்த விகாரை, தேவாலயம், எல்லாம் ஒரே கூரைக்குக் கீழ். தமிழில் பூசை. இங்கே பெண்களும் பூசை செய்கிறார்கள். அக்காவின் பெயருக்கு அர்ச்சனை செய்தேன். அந்தச் சிலைகள் திரும்ப நினைவுக்கு வந்தன, தேவாரம் முடியும்வரை கண்ணைத் திறக்கவில்லை.

ஜூன் 5

கொஞ்சம்தான் எடுக்க வேண்டிவரும் என்கிறார்கள். கொஞ்சம் என்றால் எவ்வளவு?

ஜூன் 6

நாளை காலை ஏழு மணிக்கு. பெறாமகளைப் பள்ளிக்கு விட ஆள் பார்க்க வேண்டும். அத்தானுக்கு இடியப்பம் அவித்துவிட்டேன், சொதி இன்னும் வைக்கவில்லை. அம்மா எடுக்கிறார்