பன்னிரண்டாவது ஆள்

ஜூலை 2

எங்கள் ஃபேண்டஸி கதைப் போட்டிக்கு நள்ளிரவோடு கெடு முடிந்தது. வந்தவை மொத்தம் 112. கடைசி ஒரு மணி நேரத்தில் மட்டும் 19.

ஜூலை 3

தங்கச்சி பெயர்களை எடுத்துவிட்டு எண் போட்டுக் கொடுத்தாள். பட்டியல் அவளிடமே இருக்கட்டும், எனக்கும் தெரிய வேண்டாம்.

பதினான்கு பேர் பாமினி என்ற பழைய எழுத்துருவில் அடித்து அனுப்பியிருக்கிறார்கள். திறந்தால் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாகக் கொட்டிக் கிடக்கிறது. அந்த அரைப்புள்ளிதான் மெய்யெழுத்தின் தலைப்புள்ளி. யூனிகோடுக்கு மாற்றி முடிக்க மணி இரண்டாகிவிட்டது.

அம்மாவுக்கு மத்தியானம் ரத்தம் எடுத்தார்கள். நரம்பு கிடைக்காமல் மூன்று இடத்தில் குத்தினார்கள். ஒன்றும் சொல்லாமல் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஜூலை 5

வார்டில் உட்கார்ந்து முப்பது படித்தேன். இப்போதைக்குக் கதையின் தொடக்கம் மட்டும், ஆளுக்கு 250 சொல்தான். தேறும் பத்துப் பேரிடம் முழுக்கதை கேட்போம். அதற்குள் என்னைக் கதைக்குள் இழுத்துவிட வேண்டும்.

முப்பதில் ஒன்பது அமாவாசை இரவில் தொடங்குகின்றன. ஆறில் யாரோ கனவு கண்டு வியர்த்து எழுகிறார்கள். எட்டு பேர் ஏழு தேசங்களின் வரலாற்றைச் சொல்லி முடிப்பதற்குள் 250 சொல்லும் தீர்ந்துவிட்டது. கதை நடக்கும் ஊருக்குள் இன்னும் ஒரு ஆள்கூட வரவில்லை. இவர்களிடம் எப்படிச் சொல்வது? உங்கள் உலகத்துக்கு எத்தனை சூரியன் வேண்டுமானாலும் இருக்கட்டும். அதில் ஒரு சூரியனுக்குக் கீழே யாரோ வடகம் காயப்போட வேண்டும். அவள் எந்தச் சூரியனுக்கு முதுகைக் காட்டி உட்கார்கிறாள் என்று சொன்னால் போதும், மிச்சத்தை நானே கட்டிக்கொள்வேன்.

இதையே வேறு வேறு சொற்களில் எட்டு பேருக்கும் எழுதினேன். தேறாதவர்களுக்கும் இரண்டு வரியாவது போக வேண்டும் என்று தொடக்கத்திலேயே முடிவு செய்திருந்தேன். ராத்திரி கண் விழித்து எழுதியவர்கள் அவர்கள்.

ஜூலை 6

அப்பா கடை ஞாபகமாகவே இருக்கிறது. வாரப் பத்திரிகைத் தொடர்கதைகளைக் கிழித்துச் சேர்த்து, கோணி ஊசியால் தைத்து, முதுகில் காலிகோ துணி ஒட்டி வாடகைக்கு விடுவார். நாலு கை மாறினால் முதல் தாள்தான் முதலில் கழன்று போகும். நான் படித்ததில் பாதிக்கு மேல் முதல் அத்தியாயம் இல்லாத கதைகள். யார் இந்தப் பெண், ஏன் அழுகிறாள் என்று தெரியாமல் மூன்றாம் பக்கத்திலிருந்து தொடங்குவேன். ராத்திரி படுத்துக்கொண்டு தொடக்கத்தை நானே உண்டாக்குவேன். பின்னால் ஒரு கதைக்கு முழுப்பிரதி கிடைத்தபோது நிஜமான முதல் பக்கத்தைப் படித்துவிட்டு அழுதிருக்கிறேன். என்னுடையது வேறு மாதிரி இருந்தது.

ஜூலை 8

நாற்பத்தேழு.

தாமிரபரணியில் ஒரு பரிசல்துறை. பொழுது சாயும் நேரம். பரிசல்காரர் ஆட்களை எண்ணி ஏற்றுகிறார், பதினொரு பேர். அக்கரையில் எண்ணி இறக்குகிறார், பன்னிரண்டு பேர். பன்னிரண்டு பேரிடமும் காசு வாங்கிக்கொண்டு துடுப்பைக் கவிழ்த்து வைத்துவிட்டுப் பீடி பற்றவைக்கிறார்.

அவ்வளவுதான், 250 முடிந்தது. நெஞ்சு அடித்துக்கொண்டது. அந்த ஆள் திடுக்கிடவே இல்லை, காசை வாங்கிப் போட்டுக்கொள்கிறார்!

அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். காலையிலிருந்து பேசாதவள் கண்ணைத் திறந்தாள். "ஏட்டி, அந்தப் பன்னெண்டாவது ஆளுக்குச் சில்லறை ஏது?"

ஜூலை 9

அவனுக்குச் சில்லறை ஏது?

ஜூலை 11

போனில் நடுவர்களோடு இரண்டு மணி நேரம். டீச்சருக்கு நாற்பத்தேழைப் பிடித்திருக்கிறது. அண்ணன் ஒத்துக்கொள்ளவில்லை. "இதுல மாயம் எங்கம்மா இருக்கு? எண்ணிக்கை தப்பிப்போச்சுன்னு கூட வச்சுக்கலாமே" என்கிறார். ஃபேண்டஸி என்பதற்கு அறிவிப்பில் 'மிகுபுனைவு' என்று போட்டதிலேயே அவருக்கு வருத்தம். 'கனவுருப்புனைவு' என்று போட்டிருந்தால் பிள்ளைகள் இன்னும் துணிந்து எழுதியிருப்பார்களாம்.

1943இல் புதுமைப்பித்தன் 'கடவுளும் கந்தசாமிப் பிள்ளையும்' எழுதினாரே அண்ணே, அது எப்படித் தொடங்குகிறது என்று கேட்டேன். பிராட்வே முனையில் ஒருவர் நின்று டிராமில் போவதா பஸ்ஸில் போவதா, வெற்றிலையா காப்பியா என்று காலணாக் கணக்குப் போடுகிறார். கடவுள் அதற்கப்புறம்தான் வருகிறார். அந்தக் கணக்கு அவ்வளவு நிஜமாக இருப்பதால்தான், பக்கத்தில் கடவுள் வந்து நின்று வழி கேட்கும்போது நமக்கு ஒன்றும் தோன்றுவதில்லை. பரிசல்காரரின் எண்ணிக்கையும் அந்தச் சாதிதான்.

அண்ணன் கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், "சரி, பத்துல ஒண்ணா வை" என்றார்.

ஜூலை 13

அம்மாவுக்குத் தசை எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பியிருக்கிறார்கள். பத்து நாள் ஆகுமாம்.

ஜூலை 14

ஆடிக்காற்று இன்றைக்கே ஆரம்பித்த மாதிரி இருக்கிறது. ஜன்னல் வழியாக வந்து மடியிலிருந்த தாள்களையெல்லாம் வார்டு முழுக்க இறைத்துவிட்டது. பக்கத்துக் கட்டில் ஆச்சியின் பேரன் பொறுக்கிக் கொடுத்தான். அவன் கையில் தங்கிய தாள் 88. நின்றபடியே படித்துவிட்டு "இதுக்கு அடுத்த பேப்பர் எங்க அத்தை?" என்றான். அதையும் பத்தில் சேர்க்கச் சொல்வேன்.

ஜூலை 15

அம்மா இன்று நன்றாக இருந்தாள். இரண்டு இட்லி சாப்பிட்டாள். அம்புலிமாமா பற்றிப் பேசினாள். 1947 ஜூலையில் வரத் தொடங்கிய பத்திரிகை, அவளுக்கு முன்பே பிறந்தது. சங்கர் வரைந்த அந்தப் படம் இன்னும் அவளுக்குக் கண்ணிலேயே இருக்கிறது: ஒரு கையில் வாள், தோளில் பிணம், விக்கிரமன் நடக்கிறான். மாதா மாதம் வேதாளக் கதை ஒரே மாதிரிதானே தொடங்கும், சலிக்காதா என்று கேட்டேன். "நம்ம வீட்டு வாசப்படி சலிக்குமாட்டி?" என்றாள்.

அப்புறம் பன்னிரண்டாவது ஆளைப் பற்றிக் கேட்டாள். மீதிக் கதை இன்னும் வரவில்லை என்றேன்.

ஜூலை 18

ஒன்பது பேர் முழுக்கதை அனுப்பிவிட்டார்கள். நாற்பத்தேழு அனுப்பவில்லை. தங்கச்சி மூன்று தடவை கூப்பிட்டும் போனை எடுக்கவில்லை.

ஜூலை 19

இல்லை.

ஜூலை 20

கோபம் கோபமாக வருகிறது. வாசலைத் திறந்து காட்டிவிட்டு ஆள் போய்விட்டால் என்ன அர்த்தம்? கேட்கிறவரை உட்கார வைத்துவிட்டால் சொல்லித்தான் தீர வேண்டும். சின்ன வயதில் எங்கள் ஆச்சி எனக்குக் கதை சொல்லும்போதே தூங்கிவிடுவாள். தோளைப் பிடித்து உலுக்குவேன். முழித்து, விட்ட இடத்திலிருந்து சரியாகச் சொல்வாள்.

மற்ற ஒன்பதும் நியாயமான கதைகள். 88 நன்றாக முடிகிறது. அதைப் படிக்கும்போதுகூட அக்கரையில் இறங்கிய ஈரக்கால்தான் கண்ணில் நிற்கிறது.

ஜூலை 22

நாற்பத்தேழிடமிருந்து பதில் வந்துவிட்டது. இரண்டு வரி. மீதியை எழுதவே இல்லையாம். 250 சொல்தானே கேட்டீர்கள் என்று அவ்வளவுதான் எழுதினாராம். அந்தப் பன்னிரண்டாவது ஆள் யார் என்று அவருக்கும் தெரியாதாம்.

படுக்கையில் உட்கார்ந்து இதை அம்மாவிடம் சொன்னேன். "தெரியாமலா துட்டு வாங்கிப் போட்டான்?" என்றாள். அதை அப்படியே அவருக்கு அனுப்பினேன். 26 வரை நேரம் கொடுத்திருக்கிறேன். அண்ணனும் டீச்சரும் சம்மதம் சொன்னார்கள்.

ஜூலை 23

ரிப்போர்ட் வந்தது. சனிக்கிழமை காலை ஆபரேஷன்.

ஜூலை 24

88க்குத்தான் பரிசு என்று டீச்சர் சொல்கிறார். இருக்கலாம். இன்றைக்கு என்னால் எதையும் படிக்க முடியவில்லை.

ஜூலை 26

ஐந்தரைக்கு அம்மாவை உள்ளே கூட்டிப்போனார்கள். கண்ணாடியையும் வளையலையும் என் கையில் கழற்றிக் கொடுத்தாள். "பரிசல்காரன் எழுதிட்டானா?" என்று கேட்டாள்.

ஏழு மணிக்கு வந்தது, ஏழு பக்கம். பாமினியில் இருக்கிறது. எதிர்க்கடை திறந்ததும் மாற்றி அச்செடுத்து வைக்க வேண்டும். எழுத்து பெரிதாக இருக்கட்டும், அவளே படிக்கிற மாதிரி.