தங்கம் தியேட்டரும் பின்வரிசைக் கணக்கும்

மதுரை மேலப்பெருமாள் மேஸ்திரி வீதியில் இப்போது ஜவுளிக்கடை நிற்கும் இடத்தில்தான் தங்கம் தியேட்டர் இருந்தது. 1952 தீபாவளிக்கு ‘பராசக்தி’யோடு திறந்தார்கள். இருக்கைகள் 2,563. ஆசியாவிலேயே பெரியது என்பார்கள் மதுரைக்காரர்கள். ஆசியாவை யார் அளந்தார்களோ! ஒரே திரைக்கு முன்னால் இத்தனை பேர் என்பதே ஆபரேட்டருக்குப் பெரிய தலைவலிதான்.

முக்கியமான தலைவலி சத்தம். ஃபிலிம் நொடிக்கு 24 ஃபிரேம், அதாவது 24 தனிப்படங்கள், ஓடும். ஒலியோ நொடிக்குச் சுமார் 1,130 அடிதான் போகும். ஆக, ஒரு ஃபிரேம் நேரத்தில் 47 அடி. திரையிலிருந்து நூறடி தள்ளி இருப்பவருக்கு வாயசைப்புக்கு இரண்டு ஃபிரேம் பிந்தித்தான் வசனம் வந்து சேரும்.

இதைச் சரிக்கட்டும் இடம் லூப். வெளிச்சம் பாயும் ‘கேட்’ என்ற சட்டத்தில் படம் நின்று நின்று நகரும். கீழே ஒலியைப் படிக்கும் சவுண்ட் டிரம்மில் ஃபிலிம் நிற்காமல் ஓட வேண்டும். அந்த இழுபறியைத் தாங்குவது நடுவில் தொங்கும் தளர்வான வளைவு. படத்துக்கும் அதன் ஒலிக்கும் ஃபிலிமில் சுமார் 20 ஃபிரேம் இடைவெளி உண்டு. லூப்பை இரண்டு ஃபிரேம் குறைத்து மாட்டினால் சத்தம் அந்த அளவு முந்தும், பின்வரிசைக்குப் பொருந்தும். ஆனால் முன்வரிசைக்காரனுக்கு வாய் திறக்குமுன்பே வசனம் வந்துவிடும். பிந்தினால் காது பொறுத்துக்கொள்ளும், முந்தினால் பொறுக்காது. அதனால் அரங்கின் நடுவுக்குப் பொருத்திவிட்டுப் பேசாமல் இருப்பதே நல்லது. லூப்பை ரொம்பச் சுருக்கினால் படம் குதிக்கும், ஃபிலிம் அறும்.

வெளிச்சத்துக்கு அந்தக் காலத்தில் கார்பன் குச்சிகள். எரிய எரிய இரண்டு குச்சிக்கும் நடுவே இடைவெளி கூடும். கவனிக்காமல் விட்டால் திரை மங்கி, கடைசியில் அணைந்தே போகும். விசில் பறக்கும். ஆயிரம் அடி ரீல் 11 நிமிடம் என்பதால், இரண்டு புரொஜெக்டரை மாற்றி மாற்றி ஓட்டினார்கள். திரையின் வலது மேல் மூலையில் முதல் புள்ளி வந்தால் அடுத்த புரொஜெக்டரின் மோட்டாரை ஓடவிட வேண்டும். சில நொடியில் இரண்டாவது புள்ளி, உடனே சேஞ்ச் ஓவர், அதாவது திரைக்கு அடுத்த புரொஜெக்டரின் படம்.

முந்நூறு பேர் வந்தாலும் இதே கார்பன்தான் எரியும். அதைவிடக் கொடுமை, மனித உடம்பும் துணியும் சத்தத்தை உறிஞ்சும். ஆளில்லாத பெரிய அரங்கில் அது சுவரில் மோதித் திரும்பும். கூட்டம் குறையக் குறைய வசனமே புரியாமல் போகும்.