ஒரு பக்கம் மட்டும் சுட்ட காது

மார்கழியில் நாகலூரிலுள்ள சித்தப்பா வீட்டில் தங்கியிருந்தபோது, விடியற்காலையில் பால் கறக்கப் போன சித்தி என்னைத் தொழுவத்திற்கு அழைத்து, "இந்தக் காதைத் தொட்டுப் பாரு கண்ணு, இது மட்டும் சுடுது" என்றார். பசுவின் இரண்டு காதுகளையும் ஒரே நேரத்தில் பிடித்துப் பார்த்தேன். ஏற்காட்டுக் குளிரில் வலக்காது சில்லிட்டிருந்தது. இடக்காது வெதுவெதுப்பாக, இரத்தக் குழாய்கள் புடைத்துத் தெரியும்படி இருந்தது. இடக்கண்ணின் மேலிமை சற்றே தொங்கியிருந்தது. எப்போதும் ஈரம் முத்துமுத்தாகப் பூத்திருக்கும் மூக்கில் இடப்பாதி மட்டும், நடுவே கோடு கிழித்தாற்போல, காய்ந்திருந்தது.

காய்ச்சலாக இருந்தால் அது இடம் வலம் பார்க்காது. விசாரித்ததில், கன்று ஈன்ற மறுநாள் பால் காய்ச்சலுக்காக (பெயர்தான் காய்ச்சல், இரத்தத்தில் கால்சியம் குறையும் நோய் இது) கழுத்தின் இடப்புறத்தில் கால்சியம் ஏற்றியபோது மாடு திமிறியதாகவும், ஊசி விலகி மருந்து வெளியே இறங்கி அவ்விடம் வீங்கியதாகவும் சித்தப்பா சொன்னார். சிரையில் போடும் ஊசியை நாம் 'நரம்பு ஊசி' என்றே சொல்லிப் பழகியிருக்கிறோம். இம்முறை மருந்து பக்கத்திலிருந்த ஒரு நரம்பையே தாக்கி, அந்தப் பெயர் உண்மையாகிவிட்டது.

காதுக்கும் மூளைக்கும் இடையே ஒரு சாண் தொலைவுதான் என்றாலும், காதின் இரத்தக் குழாய்களைச் சுருக்கும் கட்டளை நேராகப் போவதில்லை. அது தண்டுவடம் வழியாக மார்பு வரை இறங்கி, அங்கிருந்து பரிவு நரம்பாக (நம் விருப்பமின்றித் தானே இயங்கும் நரம்பு வகை) வெளிவந்து, கழுத்தில், மூளையிலிருந்து வயிறு வரை இறங்கும் வேகஸ் நரம்போடு ஒரே உறைக்குள் மேலேறி, மண்டையோட்டின் அடியிலுள்ள நரம்பணுத்திரளில் அடுத்த நரம்பணுவுக்குக் கைமாறி, பின்னர் தமனிக் கிளைகளைப் பற்றிக்கொண்டு காதையும் முகத்தையும் அடைகிறது. இந்தச் சுற்றுவழியில் கழுத்துப் பகுதிதான் எளிதில் அடிபடக்கூடியது. ஊசி போடும் சிரைக்கு அருகிலேயே, தமனியை ஒட்டி அது ஓடுகிறது.

பிரெஞ்சு உடலியங்கியல் அறிஞர் கிளாட் பெர்னார்ட் 1851-இல் முயலின் கழுத்தில் இதே நரம்பை வெட்டினார். காது குளிரும் என்று எதிர்பார்த்தவருக்கு, அது சிவந்து சூடேறியது வியப்பளித்தது. மறுஆண்டே பிரவுன்-செக்வார்ட் என்ற இன்னோர் உடலியங்கியல் அறிஞர் அந்த நரம்பின் மேல்முனையை மின்சாரத்தால் தூண்ட, காது வெளுத்துக் குளிர்ந்தது. குழாய்களை ஓயாமல் இறுக்கிப் பிடித்திருப்பதே அந்த நரம்பின் வேலை என்பது அப்போதுதான் தெளிவாயிற்று. மூக்கின் ஈரத்தைச் சுரக்க வைப்பதும் இதே நரம்பு என்பதால் மாட்டுக்கு அந்தப் பக்கம் காய்கிறது. குதிரைக்கோ, நேர்மாறாக, பாதிக்கப்பட்ட பக்கம் வியர்த்துக் கொட்டும்.

குளிரில் வலக்காதின் குழாய்கள் சுருங்கியதால்தான் வேறுபாடு கைக்குத் தெரிந்தது. இதே மாடு சித்திரை வெயிலில் சேலம் நகருக்குள் நின்றிருந்தால் இரு காதுகளும் ஒன்றுபோலவே சுட்டிருக்கும். சித்தியின் கைக்கும் அது தப்பியிருக்கும்.

பொங்கலன்று தொலைபேசியில் கேட்டேன். மூக்கு மறுபடி நனையத் தொடங்கிவிட்டதாம். இமை மட்டும் இன்னும் அரைத்தூக்கத்தில் இருப்பது போலவே இருக்கிறதாம்.