ஆணி அடித்த கதை

நேற்று ஹாலில் தாத்தா படம் மாட்ட ஆணி அடித்தேன். முதல் அடியிலேயே கை நின்றுவிட்டது. பதினோரு வருடப் பழக்கம்! வாடகை வீட்டுச் சுவரில் ஓட்டை விழுந்தால் அட்வான்ஸில் பிடித்துவிடுவார்களே. சமையல்கட்டிலிருந்து மனைவி குரல் வந்தது: "அடிங்க, நம்ம சுவர்தான்."

ஆமாம், வீடு வாங்கிவிட்டோம். சென்னையை ஒட்டிய ஊரப்பாக்கத்தில் பன்னிரண்டு வருடப் பழைய அடுக்குமாடி பிளாட், 42 லட்சம். வங்கி 80 சதவீதம்தான் தரும், மீதி 8 லட்சத்து 40 ஆயிரம் நம் கையிலிருந்து என்பது தெரியும். அதற்குத்தான் சீட்டு கட்டிச் சேர்த்தோம். பத்திரச் செலவைத்தான் கோட்டை விட்டேன். முத்திரைத் தீர்வை 7, பதிவுக் கட்டணம் 2, ஆக 9 சதவீதம். 3 லட்சத்து 78 ஆயிரம்! இதற்கு வங்கி கடன் தராது. மனைவியின் வளையல்கள் அடகுக் கடைக்குப் போன கதை இதுதான். (தீபாவளிக்குள் மீட்டுவிடுவேன் என்று சொல்லியிருக்கிறேன். பார்ப்போம்.)

வில்லங்கம், தாய்ப்பத்திரம் எல்லாம் வக்கீல் பார்த்துக்கொண்டார். 900 சதுர அடி வீட்டுக்கு யுடிஎஸ், அதாவது மனையில் நம் பிரிபடாத பங்கு, 410 சதுர அடி. அது எந்த மூலை என்று மகள் கேட்கிறாள். நானும் மொட்டை மாடியிலிருந்து எட்டிப் பார்த்தேன்.

அப்புறம், இன்று காலை பாத்ரூம் குழாய் ஒழுகியது. "ஓனருக்குப் போன் போடுங்க" என்றாள் மனைவி. நானும் போனை எடுத்துவிட்டேன்.