ஒரு பழைய 3080-உம் அதற்குப் போட்ட தண்ணீர்க் குழாயும்

2022 செப்டம்பர் 15 அன்று எத்தீரியம் என்ற கிரிப்டோ நாணயத்தின் வலைப்பின்னல் தன் இயங்குமுறையை மாற்றிக்கொண்டதும், கிராபிக்ஸ் கார்டுகளை இரவு பகலாக ஓட்டி அந்த நாணயத்தைத் தோண்டிக்கொண்டிருந்தவர்களின் பிழைப்பு ஒரே நாளில் முடிந்தது. அடுத்த சில மாதங்களில் பழைய கார்டுகள் சந்தையில் வந்து குவிந்தன. என்னுடைய ஆர்டிஎக்ஸ் 3080 அந்த வெள்ளத்தில் வந்ததுதான். கேம் விளையாட மட்டுமே வைத்திருந்ததாக விற்றவர் சொன்னார். அந்தக் காலத்தில் கார்டு விற்ற எவரும் வேறு எதையும் சொன்னதில்லை.

கார்டில் பழுது ஏதும் இல்லை. சூடுதான் தொல்லை. பெரம்பூரில் எங்கள் வீடு மொட்டை மாடிக்கு நேர் கீழே இருக்கிறது. ஏப்ரல் பிறந்துவிட்டால் இரவு பதினொரு மணிக்கும் கூரை அனல் கக்கும். விளையாடும்போது கார்டின் முக்கியச் சிப் 82 டிகிரியைத் தொடும், அதைப் பொறுத்துக்கொள்ளலாம். மெமரி 106 டிகிரிக்குப் போகும். 3080-இல் இருப்பது மைக்ரான் தயாரிக்கும் ஜிடிடிஆர்6எக்ஸ் மெமரி; 110 டிகிரியை எட்டினால் கார்டு தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். அந்த எல்லைக்குப் போகவிடாமல் தடுக்க மூன்று விசிறிகளும் முழு வேகத்தில் இரையும். அந்த இரைச்சலை மீறிக் கேட்பதற்காக அடுத்த அறையில் அம்மா தொலைக்காட்சித் தொடரின் ஒலியைக் கூட்டுவார். அதை மீறிக் கேட்பதற்காக நான் ஹெட்போன் ஒலியைக் கூட்டுவேன்.

மெமரியின் சூடு மட்டும்தான் கவலை என்றால், சிப்புக்கும் கூலருக்கும் நடுவே வெப்பத்தைக் கடத்தும் மெத்தை போன்ற தெர்மல் பேடுகளை மாற்றினாலே பெரும்பாலும் தீர்ந்துவிடும். செலவும் மிகக் குறைவு. அதோடு நிறுத்திக்கொள்பவர்கள் புத்திசாலிகள். எனக்குச் சத்தமும் போக வேண்டியிருந்தது. அதனால் கார்டின் விசிறிக் கூலரைக் கழற்றிவிட்டு, தண்ணீரால் குளிர்விக்க முடிவு செய்தேன்.

வேலையில் இறங்கும் முன் ஒரு கணக்கைப் போட்டுக்கொள்வது நல்லது. 3080-இன் அதிகாரபூர்வ மின்நுகர்வு 320 வாட். அந்த 320 வாட்டும் வெப்பமாகி அறைக்குள்தான் வந்து சேரும். நடுவில் காற்று சுமந்தாலும் தண்ணீர் சுமந்தாலும் சேருமிடம் ஒன்றே. விளையாடும் நேரத்தில் என் கணினி மொத்தமாக ஏறக்குறைய 500 வாட் இழுக்கிறது. ஒரு டன் ஏசியின் குளிர்விக்கும் திறன் சுமார் 3,500 வாட். அதில் ஏழில் ஒரு பங்கு கணினியின் வெப்பத்தை வெளியேற்றவே போய்விடும். தண்ணீர் போட்டால் அறை குளிரும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். நமக்குக் கிடைப்பது பரப்பளவு. கார்டின் முதுகில் ஒட்டியிருக்கும் சின்ன அலுமினியத் தகடுகளுக்குப் பதிலாக, 360 மில்லிமீட்டர் ரேடியேட்டர் ஒன்று மூன்று பெரிய விசிறிகளோடு அதே வெப்பத்தை நிதானமாக வெளியேற்றும். விசிறி மெதுவாகச் சுற்றலாம் என்பதுதான் இதில் உள்ள லாபம்.

பிராசசரையும் இதே குழாயில் கோக்கச் சொன்னார்கள். நான் கோக்கவில்லை. அதற்கு இருந்த காற்றுக் குளிர்விப்பான் சத்தமில்லாமல் தன் வேலையைச் செய்துகொண்டிருந்தது. ஒரு ரேடியேட்டருக்கு ஒரு கார்டு என்பதே இந்த ஊர் வெயிலுக்குப் பொருத்தமான அளவு.

பொருள் தேடி முதலில் போனது சென்னையின் மின்னணுச் சந்தையான ரிச்சி தெருவுக்கு. சீல் வைத்து வரும் ஆயத்த வாட்டர் கூலர் வேண்டுமென்றால் கடைக்குக் கடை கிடைக்கிறது, ஆனால் அவை பிராசசருக்கானவை. கார்டின் சிப் மேல் உட்கார்ந்து சூட்டைத் தண்ணீருக்குக் கடத்தும் வாட்டர் பிளாக் என்ற உலோகக் கட்டியைக் கேட்டால், "ஆர்டர் போட்டு வரவழைக்க வேண்டும் தம்பி" என்பதே பதில். ஒரு கடைக்காரர் மட்டும் அக்கறையோடு யோசித்து, பக்கத்தில் புதுப்பேட்டையில் கார் ரேடியேட்டர் கிடைக்குமே என்றார். கேட்கச் சிரிப்பாக இருந்தாலும் அந்த யோசனைக்கு ஒரு வரலாறு உண்டு. 2000-களின் தொடக்கத்தில் கணினிக்குத் தண்ணீர் போட்ட வெளிநாட்டு ஆர்வலர்கள் பலர், காரின் ஹீட்டருக்குள் இருக்கும் சின்ன ரேடியேட்டரைக் கழற்றித்தான் பயன்படுத்தினார்கள். இன்று அதில் சிக்கல் இருக்கிறது. இப்போதைய கார் ரேடியேட்டர்கள் பெரும்பாலும் அலுமினியம். கார்டில் பொருத்தும் பிளாக் நிக்கல் பூசிய செம்பு. இரண்டு உலோகங்களும் ஒரே தண்ணீரில் நனைந்தால் அது ஒரு பேட்டரியாகவே மாறி, அலுமினியம் மெல்ல மெல்ல அரித்துப்போகும். ஆயத்தக் கூலர்களின் ரேடியேட்டரும் பெரும்பாலும் அலுமினியமே. பழைய ஒன்றைக் கழற்றிச் சேர்க்கலாம் என்ற ஆசையும் வேண்டாம். செம்பு, பித்தளை, நிக்கல் இவற்றுக்குள்ளேயே இருந்துவிட வேண்டும்.

கடைசியில் பிளாக், ரேடியேட்டர், தொட்டியோடு இணைந்த டி5 பம்ப், ஃபிட்டிங்குகள் எல்லாம் இணையத்தில்தான் வாங்கினேன். பிளாக் வாங்குவதில் கண்ணைத் திறந்து வைத்திருக்க வேண்டும். '3080-க்கானது' என்று போட்டிருப்பது மட்டும் போதாது. என்விடியாவின் சொந்தப் பதிப்பின் சர்க்யூட் போர்டு ஒரு வடிவம், மற்ற நிறுவனங்கள் பலவும் பயன்படுத்தும் பொது வடிவம் வேறு, சில நிறுவனங்கள் தாமே வடிவமைத்தவை இன்னும் வேறு. திருகுத் துளை ஒன்று இடம் மாறினாலும் பிளாக் உட்காராது. கார்டின் பின்புறத்து ஸ்டிக்கரில் உள்ள முழு மாடல் எண்ணை எழுதிவைத்துக்கொண்டு, பிளாக் தயாரிப்பாளரின் பட்டியலில் அதே எண் இருக்கிறதா என்று பார்த்துத்தான் பணம் கட்டினேன். திருகின் மேல் ஸ்டிக்கர் ஒட்டியிருந்தால், அதைக் கிழித்த பின் வாரண்டி கிடைக்கும் என்று எதிர்பார்க்க முடியாது. என் கார்டுக்கு வாரண்டியே இல்லாததால் அந்தக் கவலை இல்லை.

பிறகு தண்ணீர். வீட்டில் எல்லோருக்கும் இதில் ஒரு கருத்து இருந்தது. கேன் தண்ணீர் ஊற்றினால் போதாதா என்றார் அப்பா. நாம் குடிக்கும் கேன் தண்ணீரிலும் உப்புகள் கொஞ்சம் உண்டு. போர் தண்ணீரைப் பற்றிக் கேட்கவே வேண்டாம், எங்கள் குளியலறைக் குழாயின் வாயில் படிந்திருக்கும் வெள்ளைப் படிவமே அதற்குச் சாட்சி. பிளாக்கின் உள்ளே செம்பில் சீவிய துடுப்புகள் தலைமுடி நுழையும் இடைவெளியில்தான் நிற்கின்றன; அங்கே அந்தப் படிவம் ஏறினால் கதை முடிந்தது. பெட்ரோல் பங்கில் விற்கும் பேட்டரித் தண்ணீரின் தரத்தை நம்பவும் மனம் வரவில்லை. பாரிமுனைப் பக்கம் ஆய்வகப் பொருட்கள் விற்கும் ஒரு கடையில் காய்ச்சி வடித்த நீரை வாங்கினேன். அலசுவதற்கே பாதி செலவாகும் என்பதால் கூடுதலாக வாங்க வேண்டும். வெறும் நீரில் பாசி பிடிக்கும், அரிப்பும் வரும். அதற்காக கிளைக்கால் கலந்த கூலன்ட் கான்சன்ட்ரேட் ஒன்றைச் சேர்த்தேன். பளபளக்கும் வண்ணக் கூலன்ட்டுகள் படத்தில் அழகாக இருக்கும், நாளடைவில் அவற்றின் துகள்கள் துடுப்புகளில் தங்கும். என்னுடையது நிறமற்றது.

கார்டைப் பிரிக்கும் முன் பத்து நிமிடம் விளையாடிச் சூடேற்றிக்கொண்டேன். சிப்புக்கும் கூலருக்கும் நடுவே தடவியிருக்கும் பழைய தெர்மல் பேஸ்ட் இளகினால்தான் கூலர் எளிதில் கழன்று வரும். நெம்பக் கூடாது, மெல்லத் திருகியபடி எடுக்க வேண்டும். விசிறி ஒயர்கள் போர்டில் செருகியிருக்கும் என்பதையும் மறக்கக் கூடாது. திறந்து பார்த்ததும் விற்றவர் சொன்ன கதை வெளுத்தது. பேடுகள் காய்ந்து பொடிந்திருந்தன, அவற்றிலிருந்து கசிந்த சிலிகான் எண்ணெய் போர்டு முழுக்கப் படர்ந்திருந்தது. இரவு பகலாக மாதக்கணக்கில் வெந்த கார்டு அது. ஐசோபுரோபைல் ஆல்கஹாலில் நனைத்த துணியால் ஒவ்வொரு மெமரிச் சிப்பாகத் துடைத்தேன்.

இந்த வேலையின் உயிர்நாடி பேடின் கனம். பழைய கூலரில் இருந்த கனத்தையே புதிய பிளாக்குக்கும் வெட்டிப் போட்டுவிடத் தோன்றும். பிளாக்கின் கையேட்டில் எந்த இடத்துக்கு 1 மில்லிமீட்டர், எந்த இடத்துக்கு 1.5 என்று சொல்லியிருக்கிறதோ அப்படியே செய்ய வேண்டும். பேடு தடித்துவிட்டால் பிளாக் தூக்கிக்கொண்டு நிற்கும், சிப்பின் மேல் அழுந்தாது. மெலிந்துவிட்டால் மெமரியைத் தொடவே தொடாது. பேஸ்ட் தடவி, திருகுகளைக் குறுக்கும் நெடுக்குமாகக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்கி, மீண்டும் கழற்றிப் பார்த்தேன். பேஸ்ட் சிப் முழுக்கச் சீராகப் பரவியிருந்தது, எல்லாப் பேடுகளிலும் சிப்புகளின் தடம் பதிந்திருந்தது. துடைத்துவிட்டு மறுபடி பூட்டினேன். கொஞ்சம் பேஸ்ட் வீண், ஆனால் குழாயெல்லாம் போட்ட பிறகு சந்தேகம் வந்து பிரிப்பதைவிட இது மேல்.

ரேடியேட்டரைச் சூடான வடிநீர் ஊற்றிக் குலுக்கிக் கொட்டினால், முதலில் வருவது பற்றவைப்பின் மிச்சமும் உலோகத் துணுக்குகளும்தான். வெளியே வரும் நீர் தெளியும்வரை கையை வலிக்க வலிக்கக் குலுக்க வேண்டும். எழுத ஒன்றுமில்லாத வேலை, தவிர்க்கவும் முடியாத வேலை.

குழாய்க்கு கறுப்பு நிற இபிடிஎம் ரப்பரைத் தேர்ந்தெடுத்தேன், உள்விட்டம் 10, வெளிவிட்டம் 16 மில்லிமீட்டர். கண்ணாடிபோல வளைத்துப் போடும் கெட்டிக் குழாய்க்குப் பொறுமையும் கைத்திறனும் வேண்டும். எனக்கு இரண்டும் குறைவு. அளவு பார்க்க மட்டும் கொளத்தூர் வண்ணமீன் கடையில் மீன்தொட்டிக் குழாய் சில அடி வாங்கி, அதை வளைத்துப் பார்த்து நீளம் குறித்துக்கொண்டேன். அதையே நிரந்தரமாகப் போட்டுவிடலாமே என்று கடைக்காரர் கேட்டார். மலிவான பிவிசி குழாயில் மென்மைக்காகச் சேர்க்கும் பொருள் சூட்டில் கசிந்து தண்ணீரைக் கலங்கடிக்கும், அதனால் வேண்டாம் என்றேன். மீனுக்கு ஒன்றும் ஆகாதே என்றார். அவர் மீனின் தண்ணீர் 45 டிகிரிக்குப் போவதில்லை.

ஃபிட்டிங்குகள் எல்லாம் ஜி 1/4 மரை. அப்பா எங்கிருந்தோ டெஃப்லான் டேப் சுருளை எடுத்து வந்தார். வீட்டுக் குழாய்க்கு அது சரி, இதில் கசிவைத் தடுப்பது அடியில் உள்ள ரப்பர் வளையம்தான். கையால் இறுக்கினால் போதும். ஸ்பேனர் போட்டு முறுக்கினால் பிளாக்கின் அக்ரிலிக் விரிசல் விடும்.

தண்ணீர் ஊற்றும் முன் காற்றழுத்தச் சோதனை. மீட்டர் பொருத்திய சின்னக் கைப்பம்பு ஒன்று இதற்கென்றே கிடைக்கிறது. அரை பார் அழுத்தம் ஏற்றி விட்டுவிட்டால், அரைமணி நேரம் முள் அசையாமல் நிற்க வேண்டும். என் முள் இறங்கியது. ஒவ்வோர் இணைப்பாகச் சோப்பு நுரை தடவ முடியாத இடம் என்பதால், குழாயைப் பகுதி பகுதியாக அடைத்துச் சோதித்தேன். ரேடியேட்டரின் ஓர் இணைப்பில் ரப்பர் வளையம் மடிந்திருந்தது. இந்தக் கைப்பம்பை வாங்கலாமா வேண்டாமா என்று தயங்குபவர்களுக்கு இதைவிட நல்ல விளம்பரம் இல்லை.

நிரப்பும்போது கணினிக்கு மின்சாரம் போகக் கூடாது, பம்புக்கு மட்டும் போக வேண்டும். மதர்போர்டு, கார்டு ஆகியவற்றின் ஒயர்களையெல்லாம் பிடுங்கிவிட்டு, கணினிக்கு மின்சாரம் தரும் பெட்டியான எஸ்எம்பிஎஸ்ஸின் 24 பின் இணைப்பில் 16, 17 ஆகிய இரண்டையும் ஒரு கம்பியால் இணைத்தால் அது தனியாக இயங்கும். டி5 பம்பின் தாங்கிக்கு உயவே அது இறைக்கும் தண்ணீர்தான், வறண்டு ஓடினால் கெட்டுவிடும். எனவே தொட்டியை நிரப்பு, சில விநாடி ஓட்டு, நிறுத்து, மீண்டும் நிரப்பு. பிறகு கேபினட்டை இடமும் வலமுமாகச் சாய்த்து, சிக்கிய காற்றுக்குமிழிகளைத் தொட்டிக்கு ஓட்ட வேண்டும். இணைப்புகளுக்கு அடியில் டிஷ்யூ பேப்பரை விரித்து ஒரு நாள் முழுக்க ஓடவிட்டேன். பேப்பர் காய்ந்தே இருந்தது.

இனி கத்திரி வெயிலின் கணக்கு. இரவில், ஏசி இல்லாமல், அறை 34 டிகிரி. ஒரு மணி நேரம் விளையாடிய பின் தண்ணீர் 44, சிப் 57, மெமரி 74. விசிறிகள் முன்பு சுற்றியதில் பாதி வேகம்கூட இல்லை. இதில் நினைவில் வைக்க வேண்டியது, தண்ணீரின் சூடு அறையின் சூட்டுக்குக் கீழே ஒருபோதும் போகாது. ஐரோப்பியர் ஒருவர் 22 டிகிரி அறையில் எடுத்த அளவைப் பார்த்து நம்முடையதில் ஏதோ குறை என்று கலங்கக் கூடாது; அந்த 12 டிகிரியை நம் ஊர் வானம் சேர்த்துவிடுகிறது. பம்ப், குழாய்களுக்குத் தயாரிப்பாளர்கள் பொதுவாகச் சொல்லும் எல்லை 60 டிகிரி. சென்னையில் 2003 மே 31 அன்று 45 டிகிரி வெயில் பதிவாகியிருக்கிறது. அப்படியொரு பகலில் சன்னலைத் திறந்துவைத்து விளையாடினால் அந்த எல்லை அவ்வளவு தொலைவில் இருக்காது.

விசிறிகளைச் சிப்பின் சூட்டுக்கு ஏற்பச் சுற்றவிடாமல் தண்ணீரின் சூட்டுக்கு ஏற்பச் சுற்றவிட்டதுதான் நான் செய்தவற்றில் மிகவும் பயனுள்ளது. தொட்டியில் ஒரு சென்சாரைப் பொருத்தி, மதர்போர்டில் அதற்கான பின்களில் செருகினேன். ஒரு லிட்டர் தண்ணீரை ஒரு டிகிரி உயர்த்த ஏறத்தாழ 4,200 ஜூல் வேண்டும். 320 வாட் கார்டு அதற்கு 13 விநாடி எடுத்துக்கொள்ளும். ஆகவே தண்ணீர் திடீரென்று துள்ளாது, விசிறியும் அடிக்கடி ஏறி இறங்கி எரிச்சலூட்டாது. இதே காரணத்தால் ஐந்து நிமிட ஓட்டத்தில் எடுத்த சூட்டளவுக்கு மதிப்பில்லை. நிலைகொள்ள அரைமணி நேரமாவது ஆகும்.

ஐஸ் போடலாமே, ரேடியேட்டரை ஃபிரிட்ஜுக்குள் வைக்கலாமே என்று நண்பர்கள் கேட்காமல் இருந்ததில்லை. இந்தக் கடற்கரை ஊரின் கோடைக் காற்றில் 25 டிகிரிக் குளிர்ச்சியிலேயே நீர் வியர்க்கத் தொடங்கிவிடும். கசியாமல் பார்த்துப் பார்த்துப் பூட்டிய குழாயின் வெளிப்புறத்திலிருந்து கார்டின் மேல் தண்ணீர் சொட்டுவதைப் பார்க்க எனக்கு விருப்பமில்லை.

பராமரிப்பில் தொல்லை தருவது தூசிதான். மெட்ரோ ரயில் பணி நடக்கும் பகுதியில் ரேடியேட்டரின் துடுப்புகள் சீக்கிரமே சாம்பல் நிறமாகிவிடுகின்றன. மாதம் ஒருமுறை புளோயரால் ஊதுகிறேன், விசிறிகள் சுற்றாமல் விரலால் பிடித்துக்கொண்டு. கூலன்ட்டை ஆண்டுக்கு ஒருமுறை மாற்றச் சொல்கிறார்கள். அதற்காக மிகத் தாழ்ந்த இடத்தில் ஒரு வடிகால் வால்வை முதலிலேயே வைத்துவிட்டேன், கொளத்தூரில் வாங்கிய குழாயின் மிச்சத்தை அதில் மாட்டினால் நேராக வாளிக்குப் போய்விடும். முதல் ஆண்டின் தண்ணீர் தெளிவாகவே வந்தது. பிளாக்கைத் திறக்கவில்லை, அடுத்த ஆண்டு திறந்தால் போதும்.