கட்டெறும்பு வளர்ப்பு: ஒற்றை ராணியில் தொடங்கி கல் கூடு வரை

எறும்பு வளர்க்கச் சொல்லித்தரும் வீடியோக்கள் பெரும்பாலும் குளிர் நாட்டுக்காரர்கள் எடுத்தவை. கூட்டுக்குச் சூடு கொடு, பனிக்காலத்தில் ஃபிரிட்ஜில் வைத்துத் தூங்க விடு என்றெல்லாம் சொல்வார்கள். எங்கள் குமரி மாவட்டம் தக்கலைப் பக்கம் இதற்கெல்லாம் வேலையே இல்லை. இங்கே தலைவலி ஈரம்தான். தென்மேற்குப் பருவமழை, வடகிழக்குப் பருவமழை இரண்டையும் வாங்கிக்கொள்ளும் மாவட்டம் இது. பஞ்சில் பூசணம் பிடிக்கும், எறும்பு ஏறி வெளியே போகாமல் டப்பா விளிம்பில் பூசும் பவுடர் கட்டி தட்டும், வீட்டில் இருக்கிற பொடி எறும்புகள் மழைக்கு ஒதுங்கி நம் டப்பாவுக்குள் புகும். அதனால் வீடியோவில் சொன்னதில் பாதியைத் தூக்கிப் போட்டுவிட்டு, நம் ஊருக்கு எது சரிப்படும் என்று பார்த்துப் பார்த்துத்தான் செய்ய வேண்டியிருந்தது.

ராணி கிடைத்தது ஜூன் மழை இறங்கிய சமயத்தில், வாசல் விளக்குக்குக் கீழே. அந்த நேரத்தில் ஈசலும் சேர்ந்து பறக்கும் என்பதால் பிரித்துப் பார்க்கத் தெரிய வேண்டும். ஈசலுக்கு நான்கு இறகும் ஒரே நீளம், இடுப்பு என்று ஒன்று தெரியாது. எறும்புக்கு முன்னிறகு பெரிது, பின்னிறகு சிறிது, இடுப்பு ஒட்டிப்போய் இருக்கும், உணர்கொம்பு நடுவில் மடங்கும். எறும்பிலும் சின்னத் தலையும் ஒல்லி உடம்புமாக வருவது ஆண், அதை வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாது. ராணிக்கு நெஞ்சுப் பகுதி நன்றாகப் புடைத்திருக்கும். இறகை உதிர்த்துவிட்டுத் தரையில் பரபரவென்று ஒளிய இடம் தேடுகிறது என்றால், பெரும்பாலும் இணை சேர்ந்தாயிற்று என்று அர்த்தம். எனக்கு அகப்பட்டது அப்படி ஒன்று. நல்ல கறுப்பு, ஒன்றரை சென்டிமீட்டருக்குக் குறையாத நீளம். அறிவியல் பெயர் கேம்போனோட்டஸ் கம்ப்ரெசஸ், 1787இல் ஃபாப்ரிசியஸ் என்ற பூச்சியியலாளர் விவரித்த இனம். நம் மரத்தடிகளில் ஓடுகிற அதே கட்டெறும்புதான்.

நாகர்கோவிலில் லேப் சாமான் விற்கும் கடையில் டெஸ்ட் டியூப் வாங்கினேன். அடியில் கொதித்து ஆறிய தண்ணீர், அதை அடைத்து இறுக்கமாகப் பஞ்சு, அப்புறம் ராணி, வாயில் இன்னொரு பஞ்சு. ஈரப் பஞ்சு அதற்குக் குடிதண்ணீர். சாப்பாடு தேவையில்லை. இனிமேல் பறக்கப்போவதில்லை என்பதால் பறக்கும் தசையையும் உடம்புக் கொழுப்பையும் கரைத்து, அதையே முதல் புழுக்களுக்கு ஊட்டிவிடும். நமக்கு உள்ள ஒரே வேலை, அதைத் தொந்தரவு செய்யாமல் இருப்பது. வெளிச்சமும் அதிர்வும் பட்டால் ராணி தன் முட்டையைத் தானே தின்றுவிடும். வீட்டை ஒட்டிய கொட்டகையில் ரப்பர் ஷீட் அடிக்கும் ரோலர் ஓடுவதால், டியூபை எதிர்ப்பக்க அறையில் அலமாரித் துணிகளுக்குப் பின்னால் வைத்தேன். அம்மாவுக்குத்தான் பொறுக்கவில்லை.

“செத்துக் கெடக்கோ என்னமோ, ஒருக்க எடுத்துப் பாரு மக்கா.”

“பாத்தாதாம்மா செத்துப்போவும்.”

“கொள்ளாம். ஒனக்கு வேற சோலி இல்ல.”

வாரத்துக்கு ஒருமுறை, சிவப்பு செலஃபேன் தாளை டார்ச்சில் சுற்றிக்கொண்டு பார்ப்பேன். எறும்புக்குச் சிவப்பு வெளிச்சம் அவ்வளவாகத் தெரியாது. முதலில் வெள்ளைப் புள்ளிகளாக முட்டைக் குவியல். அப்புறம் புழு. அப்புறம்தான் பார்க்கப் பார்க்கச் சலிக்காத கட்டம்: புழு தன்னைச் சுற்றி நூல் நூற்றுக் கூடு கட்டுவது. நூலை மாட்ட ஏதாவது பிடிமானம் வேண்டும். அதற்காகக் கழுவிக் காயவைத்த மணலில் ஒரு சிட்டிகை முன்கூட்டியே போட்டிருந்தேன். ராணி ஒவ்வொரு மணலாக வாயில் எடுத்துவந்து புழுவின் மேல் அடுக்கி மூடிவிட்டது. உள்ளே புழு தலையை இடமும் வலமும் ஆட்டிக்கொண்டே இருந்தது. கூடு கெட்டியானதும் ராணி மணலை மறுபடி ஒவ்வொன்றாகத் தட்டி எடுத்துவிட்டது. சில நாளில் அந்தப் பழுப்புக் கூட்டின் ஒரு முனையில் கறுப்பாக ஒரு பொட்டு. புழுப் பருவம் முழுக்க வயிற்றில் அடக்கி வைத்திருந்த கழிவை மொத்தமாகக் கடைசியில் வெளியேற்றிய அடையாளம் அது. மழைக்கு முன் எறும்புகள் வாயில் கவ்விக்கொண்டு ஓடுவதைப் பார்த்து முட்டை என்கிறோமே, அதில் பெரிசாக இருப்பதெல்லாம் இந்தக் கூடுகள்தான்.

முதல் முட்டையிலிருந்து முதல் வேலைக்காரி வர ஒரு மாதத்துக்கு மேல் ஆனது. ராணியே கூட்டைக் கடித்துத் திறந்துவிட்டது. வந்தவை வெளுத்துப்போய், இருக்க வேண்டிய அளவில் பாதிகூட இல்லாமல் இருந்தன. பயப்பட வேண்டாம், முதல் ஈடு எப்போதும் அப்படித்தான். ராணியின் சேமிப்பு அவ்வளவுக்குத்தான் வரும்.

சாப்பாட்டுக்கு மார்த்தாண்டம் தேன். 2023இல் புவிசார் குறியீடு வாங்கிய சரக்கு. எறும்புக்கு இது கொஞ்சம் அதிகம்தான், ஆனால் வீட்டில் இருப்பது அது. இங்கே கிடைக்கும் தேனில் பெரும்பகுதி ரப்பர் தோட்டத்திலிருந்து வருவது. ரப்பர் மரத்தில் இலைக்காம்பு முனையில் தேன் சுரக்கும், பூ தேவையில்லை. தோட்டத்தில் எறும்பும் அதை நக்கிக்கொண்டுதான் இருக்கிறது, ஆகவே பழகிய ருசி. தண்ணீர் கலந்து ஒரு சொட்டு வைத்தேன். ஒருத்தி வந்து குடிக்கக் குடிக்க அடிவயிறு உப்பி, கறுப்புப் பட்டைகளுக்கு நடுவே தேன் நிறம் தெரிந்தது. திரும்பிப் போய் ராணியின் வாயோடு வாய் வைத்து அதைக் கொடுத்தாள். எறும்பின் வயிற்றில் ஊராருக்கு என்றே ஒரு பை தனியாக இருக்கிறது, அதில் உள்ளது செரிக்காமல் அப்படியே நிற்கும்.

புழு வளரப் புரதம் வேண்டும். கொசு பேட்டில் அடித்த கொசுவைவிடச் சுலபமான தீனி எனக்குத் தெரியவில்லை. ஸ்ப்ரே அடித்த கரப்பானைத் தொடவே கூடாது, கூடே காலியாகிவிடும். அவித்த முட்டை பூசணம் பிடிக்கும். சாளை மீன் துண்டுக்கு என் எறும்புகள் வரும் முன்னே பொடி எறும்புகள் வந்துவிட்டன.

அந்தப் பொடி எறும்பைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். தலை கறுத்து, உடம்பு வெளுத்து, கண்ணுக்குச் சரியாகக்கூடத் தெரியாத டாபினோமா என்ற வகை. பஞ்சு இடுக்கு வழியாகவே நுழையும். இதற்கு வெளிநாட்டு உபாயம் எதுவும் வேண்டாம். சமையல்கட்டு அலமாரிக் கால்களைத் தண்ணீர்க் கிண்ணத்தில் நிறுத்துவார்களே, அதேதான். அகலத் தட்டில் தண்ணீர், நடுவில் ஒரு டம்ளரைக் கவிழ்த்து அதன்மேல் டப்பா. தண்ணீரில் துளி சோப்பு கலந்தால் எறும்பு மேலே நடக்க முடியாது, கொசுவும் முட்டையிட்டுப் பெருகாது. உள்ளே இருப்பவை வெளியே வராமல் தடுப்பதுதான் சிரமம். ஸ்பிரிட்டில் குழைத்துப் பூசும் முகப்பவுடர் மழைக்காலத்தில் நிற்கவில்லை. அதற்குப் பதிலாகத் தடவும் தேங்காய் எண்ணெய் 24 டிகிரிக்கு மேல் உருகிவிடும் என்பதால் இங்கே வருஷம் முழுக்க வழிந்துகொண்டேதான் இருக்கும். நெருக்கமான ஸ்டீல் வலையை மூடியில் ஒட்டியபின் நிம்மதி.

டியூபில் கூட்டம் பெருகியதும் மூடியை அசைத்தாலே சுள்ளென்று ஒரு நெடி வர ஆரம்பித்தது. எங்கள் ஷீட் கொட்டகை நெடியேதான்! ரப்பர் பாலை உறைய வைக்க ஊற்றும் ஆசிட் ஃபார்மிக் அமிலம். கட்டெறும்பு கடித்த இடத்தில் பீய்ச்சுவதும் அதுவே. 1671இலேயே ஜான் ரே என்ற ஆங்கில இயற்கை அறிஞர் எறும்புகளைக் காய்ச்சி வடித்து அதை எடுத்திருக்கிறார். காற்று புகாத சின்ன இடத்தில் பயந்து பீய்ச்சினால் அந்த நெடியிலேயே அவை செத்துப்போகும். ஆகவே இடம் மாற்றும் நேரம் வந்துவிட்டது.

பக்கத்து வீட்டில் கட்டுமானத்துக்கு இறக்கியதில் மிஞ்சிய ஏஏசி கல் (உள்ளே காற்றுக் குமிழி நிறைந்த லேசான கான்கிரீட் கல்) ஒன்று கிடைத்தது. ஸ்க்ரூ டிரைவரால் சுரண்டினாலே பள்ளம் விழும். நாலைந்து அறை, நடுவே வழி, ஒரு மூலையில் தண்ணீர் ஊற்ற ஒரு குழி, மேலே கண்ணாடி. டியூபை வாசலில் பொருத்தி அதன்மேல் வெளிச்சம் விழ விட்டேன், அவையாகவே இருட்டுக்குக் குடிபோயின. முட்டையையும் புழுவையும் ஈரப் பக்கம் அடுக்குகின்றன, நூல் கூடுகளை உலர்ந்த பக்கம். மழை நாளில் எல்லாவற்றையும் உலர்ந்த கோடிக்கு நகர்த்தினால் தண்ணீர் ஊற்றுவதை நிறுத்திவிட வேண்டும். ஈரமானி எதுவும் வாங்கவில்லை.

இப்போது நூறைத் தாண்டியிருக்கும். பெரிய தலையோடு முதல் காவல்காரிகளும் வந்துவிட்டன. இந்தக் கூட்டத்துக்கு ராணி ஒன்றுதான், ஒரே தடவை சேர்ந்த இணையின் விந்தைச் சேமித்து வைத்தே காலம் முழுக்க முட்டையிடும். இது எத்தனை காலம் இருக்கும் என்று அம்மா கேட்டார். லேசியஸ் நைஜர் என்ற இனத்தில் ஒரு ராணி வளர்ப்பில் 28 வருஷத்துக்கு மேல் இருந்திருக்கிறது, கட்டெறும்பு ராணியும் பத்து வருஷம் தாண்டலாம் என்றேன். “அப்ப ஒங்கல்யாணத்துக்கு அலமாரி வேறதான் வாங்கணும்” என்றார்.

வடகிழக்கு மழைக்குள் இரண்டாவது கல்லைக் குடைந்து, ட்யூப் போட்டு இதோடு இணைக்க வேண்டும்.