தங்கம் கடைசியில்தான்

ஜூன் 8, கியோத்தோ

வீடு மாற்றும்போது உடைந்துபோன ஷிகராக்கி ஊர் மண் கிண்ணத்தைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு கின்ட்சுகி வகுப்புக்குப் போனேன். உடைந்த பாத்திரத்தை ஒட்டி, ஒட்டிய கோட்டில் தங்கம் பூசும் ஜப்பானியக் கலை அது. இணையத்தில் என்றால் உடைந்த பாத்திரம், தங்கக் கோடு, கீழே ஒரு தத்துவ வரி, அவ்வளவுதான். இங்கே முதல் பாடமே கையுறை. ஒட்டுவது உருஷி மரத்துப் பாலால். தோலில் பட்டால் அரித்துத் தடித்துவிடும். நம் மாமரமும் முந்திரியும் சேராங்கொட்டையும் அதே குடும்பம்தான். சேராங்கொட்டைப் பால் பட்டு வீங்கிய கையைப் பார்த்தவர்களுக்கு விளக்கவே வேண்டாம்.

கோதுமை மாவைத் தண்ணீர் விட்டுப் பிசைந்து, உருஷி சேர்த்து, இழுத்தால் நூல் விடும்வரை குழைத்தோம். உடைந்த விளிம்பில் மெலிதாகத் தடவிப் பொருத்தி, டேப் சுற்றி வைத்தாயிற்று.

ஜூன் 22

மழைக்காலம். துவைத்த துணி எதுவும் காயவில்லை. சென்செய் (ஆசிரியர்) முகத்தில் மட்டும் சிரிப்பு. உருஷி இறுக ஈரம் வேண்டுமாம். காற்றில் ஈரப்பதம் 70 சதவீதத்துக்கு மேல் இருந்தால் நல்லது. மற்ற மாதங்களில் மரப்பெட்டிக்குள் ஈரத்துணி போட்டு மூடி வைப்பார்கள்.

பக்கத்தில் உட்காரும் பெரியவர் கொண்டுவந்திருப்பது காலமான மனைவியின் சோற்றுக் கிண்ணம். விளிம்பில் ஒரு சில்லு இல்லை. தங்கமெல்லாம் வேண்டாம், உதட்டில் குத்தாமல் இருந்தால் போதும் என்றார். தினமும் அதில்தான் சாப்பிடுகிறாராம்.

ஜூலை 6

கியோத்தோவுக்குப் பக்கத்திலுள்ள யமசாக்கிக்குப் போய், பதினாறாம் நூற்றாண்டுத் தேநீர் ஆசான் சென் நோ ரிக்யூவின் தை-ஆன் தேநீர் அறையைப் பார்த்தேன். முன்கூட்டியே அனுமதி வாங்க வேண்டும். இரண்டே இரண்டு தத்தாமிப் பாய் அளவு. மண்சுவர், அதில் வைக்கோல் துணுக்குகள் அப்படியே தெரிகின்றன. வாபி-சாபி என்ற ஜப்பானிய எளிமை அழகியல் பற்றிப் பேசுகிறவர்கள் இதை ஏழ்மையின் அழகு என்பார்கள். எனக்கு ஒப்பவில்லை. ரிக்யூ சக்காய் நகரத்து வணிகக் குடும்பத்துப் பிள்ளை. அவரைத் தேநீர் ஆசானாக வைத்திருந்த, அன்று ஜப்பானை ஆண்ட ஹிதெயோஷியோ தங்கத்தகடு போர்த்திய தேநீர் அறையே செய்துவைத்தவர். அத்தனை மினுமினுப்பையும் கிட்டத்தில் பார்த்துவிட்டு, போதும் என்று மண்ணுக்கு வந்த மனிதர் ரிக்யூ. இல்லாதவன் எளிமையாக இருப்பது வேறு கதை. 1591இல் ஹிதெயோஷியின் ஆணைப்படியே அவர் உயிரை மாய்த்துக்கொள்ள நேர்ந்தது.

ஜூலை 20

இடைவெளிகளைக் கல்தூள் கலந்த உருஷியால் அடைத்து, தேய்த்து, மறுபடி பூசி... வாரக்கணக்கில் இதே வேலை. இன்று சிவப்பு உருஷியால் கோடு இழுத்து, அது பாதி காய்ந்ததும் தங்கத்தூள் தூவினோம். தங்கத்தின் பங்கு அந்தச் சில நிமிடங்கள்தான்.

பெரியவர் பழுப்புக் கோட்டோடு நிறுத்திக்கொண்டார். சுடுசோறு போடலாமா என்று கேட்டார். நன்றாக இறுகியபிறகு தாராளமாகப் போடலாம், மைக்ரோவேவ் மட்டும் கூடாது என்றார் சென்செய்.

என் கோடு ஓரிடத்தில் தடித்துக் கோணியிருக்கிறது. அழித்துவிட்டு மறுபடி போடலாமா என்றேன். போடலாம், இன்னும் இரண்டு வாரம் ஆகும் என்றார். சரி என்று பணம் கட்டிவிட்டு வந்தேன்.